மன்னிக்கச் சொல்லும் முன் அவர்களைப் பேசவிடுங்கள்: ‘ஒன்ஸ் அப்பான் அ டைம்’ எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எட்வர்ட் கிட்ஸிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் இருவருக்கும், உங்களோடு உட்கார்ந்து அந்தத் தொடரை எழுதிய எல்லோருக்கும்,

வணக்கம். 2011 அக்டோபரில் ஏபிசி சேனலில் தொடங்கி, ஏழு சீசன், 155 எபிசோட் ஓடி, 2018 மே மாதம் முடிந்துபோன ஒரு தொடரைப் பற்றி இப்போது எதற்குக் கடிதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். தொடர்தான் முடிந்தது, அதைப் பார்ப்பது முடியவில்லை. இன்றைக்கும் யாரோ ஒருவர் முதல் எபிசோடைப் போட்டு, மஞ்சள் காரில் ஸ்டோரிப்ரூக்குக்குள் நுழையும் எம்மாவோடு சேர்ந்து உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறார். தீய ராணி ரெஜினா போட்ட சாபத்தால் தேவதைக் கதை மனிதர்கள் தாங்கள் யார் என்பதையே மறந்து வாழும் ஊர் அது, ஸ்னோ ஒயிட்டுக்கும் இளவரசனுக்கும் பிறந்த மகள் எம்மா. தேவதைக் கதையை மையமாக வைத்துத் தொடர் எடுக்க நினைக்கும் எவரும் உங்களுடையதைப் பார்க்காமல் தொடங்கப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காதலை நன்றாக எழுதினீர்கள், துரோகத்தை அதைவிட நன்றாக எழுதினீர்கள். ஆனால் துரோகத்துக்கு ஆளானவர்களை, முதல் சீசனுக்குப் பிறகு, அவசர அவசரமாக மன்னிக்க வைத்து அனுப்பிவிட்டீர்கள். யார் தப்பு செய்தார்களோ அவர்களுடைய மனசுக்குள் போக உங்களுக்கு எபிசோட் எபிசோடாக நேரம் இருந்தது, யாருக்குத் தப்பு நடந்ததோ அவர்கள் வாய் திறக்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. முதல் சீசனில் நீங்களே செய்து காட்டியதைத்தான் கேட்கிறேன். கேத்ரினை நினைவிருக்கிறதா? சாபத்தின் உள்ளே டேவிட்டின் மனைவி என்ற இடத்தில் நிறுத்தப்பட்டவள். அந்த டேவிட்தான் இளவரசன், மேரி மார்கரெட் என்ற பெயரில் இருப்பவள்தான் ஸ்னோ ஒயிட். எந்தத் தொடராக இருந்தாலும் அவளை ஒரு முட்டுக்கட்டையாகத்தான் எழுதியிருப்பார்கள். டேவிட்டும் மேரி மார்கரெட்டும் சேர வேண்டும், நடுவில் இவள், எப்போது விலகுவாள் என்று பார்க்கிறவரைக் காக்க வைப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. டேவிட் அவளிடம் நம் திருமணம் சரியாக இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு மேரி மார்கரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மறைக்கிறான், அப்புறம் மேரி மார்கரெட்டிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகப் பொய் சொல்கிறான். கேத்ரின் பள்ளிக்கூடத்துக்கே வந்து மேரி மார்கரெட்டைக் கன்னத்தில் அறைகிறாள். ஊரே பார்க்கிறது. மேரி மார்கரெட்டின் காரில் யாரோ வசைச்சொல்லைப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நாம் ஸ்னோ ஒயிட்டும் இளவரசனும் சேர வேண்டும் என்று முதல் எபிசோடிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறோம், இருந்தும் அந்த இடத்தில் டேவிட் மேல் கோபம் வருகிறது, கேத்ரின் மேல் இரக்கம் வருகிறது. உண்மையான காதலாகவே இருக்கட்டும், இரண்டு பெண்களிடம் இரண்டு விதமாகப் பேசினால் அது துரோகம்தான் என்று அங்கே தயங்காமல் காட்டினீர்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் பெரிது. கேத்ரினுக்கு யோசிக்க நேரம் கொடுத்தீர்கள். தனக்கும் டேவிட்டுக்கும் நடுவில் இருந்தது காதலே இல்லை என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வருகிறாள், சட்டம் படிக்கத் தனியாகவே பாஸ்டன் போகத் தீர்மானிக்கிறாள், அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கட்டும் என்று கடிதம் எழுதி வைக்கிறாள். அந்தக் கடிதத்தை ரெஜினா எடுத்து எரித்துவிடுகிறாள். ரெஜினா அதுவரை செய்திருந்த கொடுமைகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு தாளை எரிப்பது பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் எனக்கு அது பாதித்த அளவுக்கு வாளும் தீயும் வந்த பல காட்சிகள் பாதிக்கவில்லை. காரணம், ஒருத்தி அறைந்து, அழுது, யோசித்து, தன் விருப்பத்தோடு வந்து சேர்ந்த மன்னிப்பு அது. அதன் மதிப்பு என்ன என்று பார்க்கிறவருக்குப் புரிய வைத்த பிறகுதான் அதை எரித்தீர்கள்.

அதே சீசனில் மந்திரவாதி ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் தன் மகன் பெயல்ஃபயரின் கையை விடுகிற காட்சி. தரையில் வழி திறந்துவிட்டது, மாயமே இல்லாத ஒரு உலகத்துக்கு இருவரும் சேர்ந்து போகலாம், அப்பா பழையபடி ஆகிவிடுவார் என்று நம்பித்தான் அந்தப் பையன் அந்த வழியைத் தேடிக் கொண்டுவந்தான். அப்பன் ஒரு கையால் தன் சக்தி அடங்கிய குறுவாளைத் தரையில் குத்திப் பிடித்துக்கொள்கிறான், மறு கையை விட்டுவிடுகிறான். வழி மூடிய பிறகு வெறும் மண்ணைப் பறித்துப் பறித்துப் பார்க்கிறான். பிள்ளை மேல் அவனுக்கு அன்பு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த அன்பை வைத்துக்கொண்டேதான் கையை விட்டான். மகனைத் தேடித்தான் அந்தச் சாபத்தையே உருவாக்கினான் என்று பிறகு தெரிகிறது. அவன் எவ்வளவு தேடினாலும் அந்தக் கை விட்டது விட்டதுதான் என்று மகன் வெகுநாள் உறுதியாக இருக்க முடிந்தது. பெரியவனாகி நீல் என்ற பெயரில் அவன் வந்து நிற்கும்போது அந்தக் கோபத்தை நீங்கள் உடனே கரைக்கவில்லை. நன்றி.

சரி, இப்போது கிரஹாமுக்கு வருகிறேன்.

ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல அனுப்பப்பட்ட வேட்டைக்காரன் அவன். அவளை விட்டுவிட்டு ஒரு மானின் இதயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான், அதற்குத் தண்டனையாக ரெஜினா அவனுடைய இதயத்தையே பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஸ்டோரிப்ரூக்கில் அவன் ஷெரிஃப், இரவில் ரெஜினாவின் வீட்டுக்குப் போய்வருகிறவன், தன் விருப்பம் எது என்றே தெரியாதவன். இதயம் அவளுடைய பெட்டியில் இருக்கும்போது அவன் சரி என்று சொன்னதற்கு என்ன அர்த்தம்? எம்மாவை முத்தமிட்டதும் அவனுக்கு எல்லாம் நினைவு வருகிறது, அவளுக்கு நன்றி சொல்கிறான், அடுத்த நிமிடம் நிலவறையில் ரெஜினா அந்த இதயத்தை நசுக்கிப் பொடியாக்குகிறாள், அவன் எம்மாவின் கையில் சாய்ந்து செத்துப்போகிறான். ஏழாவது எபிசோட். அந்தத் தொடர் எவ்வளவு தூரம் போகத் துணியும் என்று எல்லோருக்கும் புரிந்த இடம் அது.

அதற்குப் பிறகு ரெஜினா மெல்ல மெல்ல மாறுகிறாள். எம்மாவுக்குத் தோழியாகிறாள், எம்மா பெற்று ரெஜினா வளர்த்த ஹென்றிக்கு இருவரும் சேர்ந்து அம்மாக்களாக இருக்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். அதெல்லாம் எனக்கும் பிடித்தது. ஆனால் கிரஹாமுக்காக எம்மா ரெஜினாவுக்கு எதிரில் நின்று கணக்குக் கேட்டாள் என்று சொல்லும்படி, மனதில் நிற்கிற ஒரு காட்சி இல்லை. ரெஜினாவும் தானாக வந்து, நான் அவனுக்கு என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியுமா என்று அவளிடம் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. கொலை மட்டும் இல்லையே அது, அதற்கு முன்னால் அத்தனை வருடம் அவன் உடம்பை அவள் ஆண்டுகொண்டிருந்தாள். ஒரு ஆண் ஒரு பெண்ணின் இதயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு இதைச் செய்திருந்தால், அந்த விஷயத்தை இப்படிப் பேசாமல் விட்டிருப்பீர்களா? நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

ராபின் ஹூட்டுக்கும் இதேதான் நடந்தது, இன்னும் மோசமாக. அவன் ரெஜினாவைக் காதலிக்கிறான். செத்துவிட்டாள் என்று நினைத்திருந்த மனைவி மரியன் கடந்த காலத்திலிருந்து உயிரோடு வந்து நிற்கிறாள். காதலா, கொடுத்த வாக்கா என்ற கேள்வியில் அவன் வாக்குப் பக்கம் சாய்கிறான், கஷ்டப்பட்டுத்தான் சாய்கிறான். விசுவாசம் என்ற ஒன்றை ஏழு சீசனில் ஒருவனை வைத்துச் சொல்ல வேண்டும் என்றால் அவனைத்தான் சொல்வேன். பார்த்தால் அவள் மரியனே இல்லை, மரியனைக் கொன்றுவிட்டு அவள் உருவத்தில் வந்த ஜெலினா, ரெஜினாவின் அக்கா. நியூயார்க்கில் அவனோடு குடும்பம் நடத்தி, அவன் குழந்தையையும் சுமந்துகொண்டிருக்கிறாள். ஒரு மனிதனின் விசுவாசத்தையே கருவியாக வைத்து அவனை ஏமாற்றுவதற்கு மேல் ஒரு துரோகம் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய விஷயத்தை எழுதிவிட்டு, அதன் வலியைப் பெரும்பாலும் ரெஜினாவின் வலியாகவே சொன்னீர்கள். அக்கா தங்கை சண்டையில் அது இன்னொரு சுற்று ஆகிவிட்டது. ராபினுக்கு என்ன ஆயிற்று, தன் படுக்கையில் தன் மனைவியைக் கொன்றவள் இருந்தாள் என்று தெரிந்த ஒருவன் அடுத்த நாள் எப்படி எழுந்து நடமாடுவான், இதற்கு இடமே இல்லை. உண்மையான மரியனுக்காக அழக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. ஐந்தாவது சீசனில் ரெஜினாவைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஜெலினா குடும்பத்தில் ஒருத்தியாக இருக்கிறாள், குழந்தைக்கு அவன் பெயரையே வைக்கிறாள். அந்தப் பெயர் சூட்டலைப் பார்த்து நெகிழ வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். என்னால் முடியவில்லை.

ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கினைக் காதலித்த பெல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவள் விஷயத்தில் நீங்கள் பாதி வழி வந்தீர்கள் என்பதால். போலிக் குறுவாளைக் கையில் கொடுத்து, என் சக்தி முழுவதும் உன்னிடம் என்று சொல்லித் திருமணத்துக்குக் கேட்டவன் ரம்பிள். நம்பிக்கையைக் காட்டுகிற அடையாளமே பொய். அது தெரிந்ததும், நான்காவது சீசனின் நடுவில், நகர எல்லைக் கோட்டில் அசல் குறுவாளைப் பிடித்துக்கொண்டு அவனை வெளியே போகச் சொல்கிறாளே பெல், அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவளுக்கு அழுகை வருகிறது, அவன் கெஞ்சுகிறான், அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அவன் மேல் காதல் போய்விட்டதால் இல்லை, காதல் இருக்கும்போதே சொல்கிறாள். அந்த பெல்லை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மறுபடி சேர்க்கிறீர்கள், மறுபடி பொய், மறுபடி பிரிவு, மறுபடி சேர்க்கை. ஒவ்வொரு முறையும் அவன் மாறினானா என்பதே கேள்வி, அவள் என்ன ஆனாள் என்பது கேள்வியே இல்லை. ஏழாவது சீசனில் அவனோடு ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து, முதுமையில் அவள் இறந்துபோகும் அந்த எபிசோட் அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். அந்த வாழ்க்கைக்கு அவள் எப்படி ஒத்துக்கொண்டாள் என்பதைத்தான் பார்க்க விரும்பினேன்.

சூனியக்காரி மெலிபிசென்டின் மகள் லில்லியும் இதில் சேர்த்தி. பிறக்கப்போகும் தங்கள் குழந்தை நல்லவளாக இருக்க வேண்டும் என்று, அதன் இருட்டையெல்லாம் இன்னொருத்தியின் குழந்தை தலையில் கட்டினார்கள் ஸ்னோ ஒயிட்டும் டேவிட்டும். நல்லவர்கள் என்று நாம் நம்பியவர்கள் செய்த துரோகம் அது, அருமையான யோசனை. எம்மா அப்பா அம்மாவோடு சில எபிசோட் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது. லில்லியோ என் அப்பா யார் என்று கேட்டுக்கொண்டு நின்றாள், கதை அவளைத் தாண்டிப் போய்விட்டது.

இது நம்பிக்கையைப் பற்றிய தொடர், யாரும் திருந்தலாம் என்பதுதான் அதன் உயிரே என்று நீங்கள் சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ரெஜினா திருந்தியதை எனக்கு முழுசாக நம்ப வைத்தவர் அவளாக நடித்த லானா பரில்லா. எம்மாவுக்கு வைத்த விஷ ஆப்பிள் தன் மகன் வயிற்றுக்கே போன அன்று ஆஸ்பத்திரியில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் ரெஜினாவை வெறும் வில்லி என்று சொல்ல மாட்டார்கள். அன்று எம்மா ஹென்றியின் நெற்றியில் கொடுத்த முத்தம் சாபத்தை உடைத்தது. மூன்றாவது சீசனில் வேறொரு சாபத்தை உடைத்தது ரெஜினா அதே பிள்ளைக்குக் கொடுத்த முத்தம். உண்மைக் காதலின் முத்தம் என்பதை இளவரசனிடமிருந்து எடுத்து இரண்டு தாய்களிடம் கொடுத்தீர்கள், அதற்காகவே உங்களைக் கொண்டாடுவேன். கடைசி எபிசோடில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு முடி சூட்டியபோதும் எனக்கு எரிச்சல் வரவில்லை.

ரெஜினாவைத் தண்டித்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அவள் திருந்தட்டும், நன்றாக வாழட்டும். மாயத்துக்கெல்லாம் ஒரு விலை உண்டு என்று ரம்பிளை விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்களே, மன்னிப்புக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை இந்தத் தொடரில் எப்போதும் அடிபட்டவர்களே கொடுத்தார்கள். யோசித்தால் ரெஜினாவின் கதையே இதில்தான் தொடங்குகிறது. அவள் காதலன் டேனியலைப் பற்றிய ரகசியத்தைச் சின்னப் பெண்ணான ஸ்னோ, நல்லது செய்வதாக நினைத்து, ரெஜினாவின் அம்மா கோராவிடம் சொல்லிவிட்டாள். டேனியல் செத்தான். அந்த வலியை மனசு விட்டுச் சொல்ல அன்று ரெஜினாவுக்கு ஒரு ஆள் இல்லை, கல்யாண உடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்த முகத்தோடு அதை விழுங்கினாள். விழுங்கிய வலி ஒருத்தியை என்ன செய்யும் என்று காட்டத்தான் சாபம், கோட்டை, விஷ ஆப்பிள் எல்லாம் எழுதினீர்கள். அதே விழுங்கலை ராபினிடமும் பெல்லிடமும் லில்லியிடமும் எதிர்பார்த்தது எப்படி?

அடுத்து நீங்கள் எழுதப்போகும் கதையிலும் யாராவது யாரையாவது ஏமாற்றத்தான் செய்வார்கள், அது இல்லாமல் தேவதைக் கதை இல்லை. ஏமாற்றியவர் மன்னிப்புக் கேட்கும் காட்சியை எழுதி முடித்ததும் கேமராவை அங்கேயே வையுங்கள். ஏமாந்தவர் பதில் சொல்லட்டும். கத்தட்டும், எழுந்து போகட்டும், இரண்டு சீசன் கழித்துத் திரும்பி வந்து சரி என்று சொல்லட்டும், சொல்லாமலும் இருக்கட்டும். கேத்ரினுக்கு அந்தக் கடிதத்தை எழுத நேரம் கொடுத்தவர்கள் நீங்கள்தான், உங்களால் இது முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தொடரை இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ரசிகை