குறும்படப் போட்டி கேடயத்தோடு முடியலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கல்லூரிகளில் நடக்கும் குறும்படப் போட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. காலையிலிருந்து இருபது படங்களை வரிசையாக ஓட்டுகிறார்கள், மாலையில் கேடயம் கொடுக்கிறார்கள், அத்தோடு சரி. படம் எடுத்த பிள்ளைக்கு அடுத்த படத்துக்கான வழி எதுவும் திறப்பதில்லை. கறுப்பினத் திரைக்கலைஞர்களுக்காக நடக்கும் விழாக்களை நம் அமைப்பாளர்கள் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில், ஆப்பிரிக்கப் படங்களுக்கான ஃபெஸ்பாகோ விழா 1969இல் தொடங்கியது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு திரையரங்குகளை நாட்டுடைமையாக்கியது. விழாவும் திரையும் சேர்ந்தே அவர்கள் கைக்கு வந்தன. ஆனால் அங்கும் ஒரு தவறு நெடுங்காலம் நீடித்தது. முதன்மைப் போட்டிக்கு 35 மி.மீ. படச்சுருள் கட்டாயம் என்றார்கள். பிலிமுக்குப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு 2015இல் டிஜிட்டல் படங்களை ஏற்ற பிறகுதான் வழி பிறந்தது. செல்போனில் எடுத்த படம் வேண்டாம் என்று இங்கே விதி போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைக் கூலியில் படிக்கும் பிள்ளைக்கு வேறு கேமரா எங்கிருந்து வரும்?

அமெரிக்கன் பிளாக் ஃபிலிம் ஃபெஸ்டிவல் 1997இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் தொடங்கி, பின்னர் மயாமிக்கு மாறியது. அங்கே பெயர்பெற்ற இயக்குநர்களும் நடிகர்களும் வருகிறார்கள். அதே மேடையில் புதியவர்களுக்குக் குறும்படப் போட்டியும் நடக்கிறது. அமெரிக்க இயக்குநர் ரயன் கூக்ளர் மாணவராக எடுத்த குறும்படம் 2011இல் அங்கேதான் பரிசு பெற்றது. ஏழே ஆண்டில் அவருடைய ‘பிளாக் பாந்தர்’ நம் ஊர்த் திரையரங்குகள் வரை வந்துவிட்டது. நியூயார்க்கில் 1993இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் புலம்பெயர் திரைப்பட விழாவை நடத்துகிறவர்கள், படங்களை வெளியிட விநியோக நிறுவனமும் வைத்திருக்கிறார்கள். விழா முடிந்த பிறகும் படம் ஓட வேண்டும் என்ற அந்த அக்கறையைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். சென்னையிலேயே நீலம் பண்பாட்டு மையம், மலையாளத்தின் முதல் கதாநாயகியாக நடித்து, தலித் என்பதற்காக விரட்டப்பட்ட பி.கே. ரோசியின் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. வேலூருக்கு முன்மாதிரி வெகுதூரத்தில் இல்லை.

நம் ஊரில் செய்யக்கூடியது இது. ஒன்றரை மணி நேர அமர்வில் ஐந்து படங்களுக்கு மேல் வேண்டாம். படங்களுக்கு ஒரு மணி நேரம், இயக்குநரோடு பேச அரை மணி நேரம். ஒவ்வொரு அமர்விலும் அனுபவமுள்ள ஓர் ஒளிப்பதிவாளரோ படத்தொகுப்பாளரோ உட்கார்ந்து காட்சி காட்சியாகக் குறை சொல்ல வேண்டும். உள்ளூர் மாணவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. கேடயச் செலவில் பாதியை எடுத்து, வென்ற படம் வெளிநாட்டு விழாக்களுக்குப் போகும் கட்டணத்தைக் கட்டலாம். பெரும்பாலான விழாக்களில் முதல் கெடு, வழக்கமான கெடு, தாமதக் கெடு என்று கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் கெடுவுக்குள் அனுப்பினால் கணிசமாக மிச்சமாகும்.

நல்ல படங்களும் விழாக்களில் அடிபட்டுப்போவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தாலும் உரிமைக் கடிதம் கேட்பார்கள். டீக்கடை ரேடியோவில் ஒலிப்பதும் இதில் அடக்கம். முதலிலேயே யூடியூபில் ஏற்றிவிட்டால் பல விழாக்களின் வாசல் அடைபட்டுவிடும். ஆஸ்கர் குறும்படப் பிரிவு குறித்துக் கனவிருந்தால், பெயர்ப்பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். செல்போன் பதிவில் ஃபிரேம் வேகம், அதாவது ஒரு நொடிக்குப் பதிவாகும் படங்களின் எண்ணிக்கை, நிலையாக இருக்காது. அப்படியே தொகுத்தால் போகப் போக உதடும் ஒலியும் பிரியும். தொகுக்கும் முன்பே எல்லாக் காட்சிகளையும் நொடிக்கு 24 அல்லது 25 ஃபிரேமுக்கு மாற்றிவிட வேண்டும். ஹெட்போனில் மட்டும் கேட்டுக் கலந்த ஒலி, அரங்கில் வசனத்தை விழுங்கிவிடும். ஒருமுறையாவது பெரிய ஸ்பீக்கரில் கேட்டுச் சரிசெய்யுங்கள். ஆங்கில சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. அதைப் படத்தோடு ஒட்டாமல் தனிக் கோப்பாகவும் வைத்திருந்தால், வேறு மொழிக்கு மாற்றுவது எளிது.

அமைப்பாளர்களுக்கும் ஒன்று. தணிக்கைச் சான்று இல்லாத படங்களைப் பொதுவில் காட்ட, ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு தேவை. அழைப்பிதழ் அச்சடித்த பிறகு இதற்கு அலைந்து பயனில்லை. படங்களைத் தேர்ந்தெடுத்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆப்பிரிக்கப் படங்களைத் திரையிட விரும்பினால் உரிமையாளருக்கு எழுதி, திரையிடல் கட்டணம் பேசி முடிவு செய்யுங்கள். பதிவிறக்கிய பிரதியைப் போடுவது, யாருக்காக விழா எடுக்கிறோமோ அவர்கள் வயிற்றிலேயே அடிப்பதாகும்.

போட்டி விதிகளைக் கல்லூரிகள் டிசம்பருக்குள் அறிவித்தால், பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே படப்பிடிப்பை முடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
குறும்பட ஆர்வலர்கள்,
காட்பாடி.