ஆணியில் இல்லை அதிசயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரஷ்யாவின் கிஷித் தீவு மரத் தேவாலயம் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். எங்கோ கரேலியாவில், ஒனேகா ஏரிக்குள் கிடக்கும் ஒரு தீவின் கிராமத்துக் கோயிலுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. படங்களும் அருமை. ஆனால் கட்டுரையாளர் 'ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டிய அதிசயம்' என்று ஆரம்பித்து, கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சுற்றுலா வழிகாட்டிகள் பல காலமாகச் சொல்லிவரும் கதை அது. அதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் பெரிய விஷயமில்லை.

ஆணி இருக்கிறது. குமிழ் மாடங்களைப் போர்த்தியிருக்கும் ஆஸ்பென் மர ஓடுகள் சுமார் 30,000. அவை ஆணியடித்துப் பொருத்தியவைதான். ஆணி இல்லாதது சுவர்களில். பைன் மரங்களைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைப் பூட்டிக்கொண்டே போவார்கள். மேலே ஏறும் எடையே கீழே உள்ள பூட்டை இறுக்கும். ஆணிக்கு அங்கே வேலையே கிடையாது. வட ரஷ்யாவில் வீடு, தானியக் குதிர், குளியலறை எல்லாவற்றையும் அப்படித்தான் கட்டினார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வேலையை அதிசயம் என்றால் அந்தத் தச்சர்களே சிரித்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தில் வியக்க வேண்டியது தண்ணீரை அவர்கள் சமாளித்த விதம். உருமாற்றத் தேவாலயம் எனப்படும் இது 1714இல் எழுந்தது. உயரம் 37 மீட்டர், மாடங்கள் 22. நடுவே எண்கோணக் கூடு. அதன்மேல் அதைவிடச் சின்ன எண்கோணம், அதற்கும் மேல் இன்னும் சின்னது. கீழ்க்கூட்டின் நான்கு திசையிலும் இரண்டு படியாக இறங்கும் நீட்சிகள். நீட்சிகளின் கீழ்ப்படியில் நான்கு மாடம், மேல்படியில் நான்கு, பெரிய எண்கோணத்தைச் சுற்றி எட்டு, அடுத்ததைச் சுற்றி நான்கு, உச்சியில் ஒன்று, கிழக்கே பலிபீடத்தின் மேல் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 22 வரும். பார்க்க அழகு, சரி. மழையும் பனியும் விடாத ஊரில் 22 மாடம் என்றால், கூரையில் எத்தனை இணைப்பு, ஒழுக எத்தனை இடம்!

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுகளைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஒவ்வொரு எண்கோணத்தின் மேல்பக்கத்திலும் சுவர் வெளிப்பக்கமாக விரியும். கடைசிச் சில வரிசை மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீளம் கூட்டி அடுக்கி, இறவாணத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். கூரையில் விழும் நீர் சுவரைத் தொடாமல் விலகி விழவேண்டும் என்பதற்காகத்தான். மர ஓடுகளைக் கோடரியால் செதுக்கி, மேல் ஓடு கீழ் ஓட்டின் இடுக்கை மூடும்படி பதித்திருக்கிறார்கள். இத்தனையும் மீறி உள்ளே இறங்கும் நீருக்கு, மாடங்களுக்கு அடியில் வெளியே தெரியாத சாய்வுக் கூரை ஒன்று. கசியும் நீர் அதில் வடிந்து, மரக் காடி வழியாக வெளியே போய்விடும். கூரை ஒழுகத்தான் செய்யும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு கட்டியவர்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கட்டட வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தப் புத்தி லேசில் வராது.

அப்புறம், அந்த நெஸ்தோர் தச்சர். ஒரே கோடரியால் கோயிலைக் கட்டி முடித்து, 'இதுபோல் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை' என்று கோடரியை ஏரியில் எறிந்தாராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது செவிவழிக் கதை. கட்டுரையில் வரலாறு போல வந்துவிட்டது. பீட்டர் மன்னரே வரைபடம் போட்டுக் கொடுத்தார் என்றும் அங்கே ஒரு கதை உண்டு. நல்லவேளை, அதைச் சேர்க்கவில்லை.

கதைக்குப் பதிலாக அந்த ஊர் மக்களைச் சொல்லியிருக்கலாம். சுற்றியிருந்த சிறு கிராமங்களுக்கெல்லாம் பொதுவான இடம் அது. பெரிய தேவாலயத்தைச் சூடாக்க வழியில்லை, அதனால் கோடைக்கு மட்டும்தான். குளிர்காலத்துக்குப் பக்கத்திலேயே ஒன்பது மாடத்தோடு, பரிந்து பேசும் மரியன்னையின் பெயரில் இன்னொரு தேவாலயம். அதன் இப்போதைய வடிவம் 1764ஐச் சேர்ந்தது. வழிபாடு மட்டுமில்லை, ஊர்க்கூட்டமும் அங்கேதான் நடந்தது. அந்தப் பக்கத்து விவசாயிகளை அரசு ஒலோனெட்ஸ் இரும்பாலைகளோடு கட்டிப் போட்டிருந்தது. போதாததற்குப் பளிங்கு வெட்டு, புதிய ஆலை கட்டும் வேலை, கூடுதல் வரி. 1769இல் முடியாது என்று எழுந்தார்கள். 1771இல் படை வந்து, இந்தக் கோயில் வளாகத்தில் கூடியிருந்தவர்கள் மேல் பீரங்கியால் சுட்டது. தலைவர்களைச் சவுக்கால் அடித்து சைபீரியாவுக்குக் கடும் உழைப்புத் தண்டனைக்கு அனுப்பினார்கள். ஏரியும் வானமும் மாடங்களும் சேர்ந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போது இதுவும் நினைவுக்கு வரவேண்டாமா?

இன்னொன்று. 'மூன்று நூற்றாண்டாக மாறாத தோற்றம்' என்று ஒரு வரி இருக்கிறது. இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சுவர்களுக்கு வெளியே பலகை அடித்து வெள்ளை பூசினார்கள், மாடங்களுக்கு இரும்புத் தகடு போட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் பார்த்தது வெள்ளைக் கோயிலைத்தான். 1950களில் அலெக்சாந்தர் அபலோவ்னிகோவ் என்ற கட்டடக் கலைஞர் பலகையையும் தகட்டையும் எடுத்துவிட்டு, பழைய மரச் சுவரையும் ஆஸ்பென் ஓட்டையும் திரும்பக் கொண்டுவந்தார். நாம் இன்று மயங்கும் வெள்ளி நிறம், வெயிலிலும் மழையிலும் நின்று சாம்பல் பூத்த அந்த ஓடுகளுடையது. அழகுதான். ஆனால் பலகை போனதும் பைன் மரங்கள் மறுபடி நேராக நனைய ஆரம்பித்தன. செய்தது சரியா தப்பா என்று வல்லுநர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பலகை அடித்த ஊர்க்காரர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்பது என் கட்சி.

எண்பதுகளில் நான் லெனின்கிராடில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே போனேன். உள்ளே விடவில்லை. கட்டடம் சாய ஆரம்பித்துவிட்டது என்று 1980இலேயே மூடியிருந்தார்கள். ஐகான் எனும் புனிதர் படங்கள் வரிசை வரிசையாக நிற்கும் திருப்படச் சுவரைக் கழற்றி வெளியே கொண்டுபோய்விட்டு, உள்ளே இரும்புச் சட்டத்தை எழுப்பித் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியதுதான். அதனால் கடைசியில் அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைத் தேடித் தேடிப் படித்தேன்.

முழுவதும் பிரித்து, அழுகியதை மாற்றி, மறுபடி அடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. பிரித்தால் பழையபடி சேராது என்ற பயமும் இருந்தது. கடைசியில் எடுத்த வழி விசித்திரமானது. கட்டடத்தை ஏழு அடுக்காகப் பிரித்துக் கணக்கிட்டு, மேலே உள்ளதை ஜாக்கி வைத்து உயர்த்தி இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, கீழ் அடுக்கை மட்டும் கழற்றினார்கள். ஒவ்வொரு மரத்தையும் தீவிலேயே இருந்த பட்டறைக்குக் கொண்டுபோய், கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அந்த அளவுக்குப் புது மரத் துண்டு இழைத்துப் பொருத்தினார்கள். அடுக்கைத் தரையிலேயே ஒருமுறை முழுதாகக் கோத்துப் பார்த்த பிறகுதான் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த அடுக்கு நின்றதும் மேலே உள்ளதை அதன்மேல் இறக்கிவிட்டு, அடுத்த அடுக்குக்குப் போனார்கள். அடியிலிருந்து உச்சி வரை இதேபோல. சுமார் பத்து வருடம் பிடித்தது. 2020இல் மக்களை உள்ளே விட்டார்கள். 102 ஐகான்கள் கொண்ட நான்கு வரிசைத் திருப்படச் சுவரும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேலே விதானத்தில் இருந்த 'வானம்' எனும் ஓவியம் மட்டும் இல்லை, அது இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே தொலைந்துவிட்டது. கட்டுரையில் இந்தப் பழுதுபார்ப்புக்கு ஒரே வாக்கியம். 'அண்மையில் புதுப்பிக்கப்பட்டது.' அவ்வளவுதான்!

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்ப் பெயர் சொல்கிறேன். வித்தெக்ரா பக்கத்தில் 1708இல் கட்டிய தேவாலயம் கிஷிக்கு அக்கா முறை, அதே பல மாட அமைப்பு. 1963இல் எரிந்துபோனது. அதே ஒனேகா ஏரிக்கரையில் கொந்தபோகா ஊரில் 1774இல் கட்டிய ஒற்றைக் கூம்புத் தேவாலயம், 42 மீட்டர் உயரம். 2018 ஆகஸ்டில் ஒரே நாளில் சாம்பலானது. தீ வைத்ததாகப் பிடிபட்டவன் ஒரு சிறுவன். கிஷியிலேயே இப்போதைய தேவாலயத்துக்கு முன்னால் இருந்தது இடி விழுந்து எரிந்ததுதான்.

கடைசியாக, ஒரு படக்குறிப்பில் திருத்தம் தேவை. இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே நிற்கும் மணிக்கூண்டையும் 1714 என்று போட்டிருக்கிறீர்கள். அது 1862இல் கட்டி, 1874இல் திரும்பக் கட்டியது. சுற்றிலும் கல் அடித்தளத்தின்மேல் தெரியும் மரவேலி இன்னும் புதுசு, 1950களில் போட்டது. தொடரின் அடுத்த பகுதி அதே தீவிலுள்ள லாசரஸ் தேவாலயம் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். அது அந்தத் தீவுக்காரர்கள் கட்டியதில்லை, 1959 வாக்கில் முரோம் மடத்திலிருந்து பெயர்த்து வந்தது. இதையும் கட்டுரையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
காரைக்குடி