மாங்காய் போடாத கலயம்

ஃப்ரைசிங்,
27.10.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நீங்களும் பெரியம்மாவும் நலம்தானே? போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதிப் பாதியைப் பெரியம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். போன தடவை நான் பீர் என்றதை அவர்கள் பீர்க்கங்காய் என்று சொல்ல, ஜெர்மனியில் பீர்க்கங்காய் காய்க்கிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்குமேல் போனில் விளக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இன்று அதிகாலை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். மாலை ஐந்துக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வெளியே மழை. சொல்ல வந்தது அதுவல்ல.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, வீட்டுக்காரப் பெரியவரோடு ஹாலர்டாவ் என்ற வட்டாரத்துக்குப் போனேன். இங்கிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடி விளைகிற இடம். ஒரே தொடர்ச்சியாக இவ்வளவு பரப்பில் ஹாப்ஸ் பயிராவது உலகத்திலேயே இங்குதான். 7 மீட்டர் உயரக் கம்பங்கள் நட்டு, மேலிருந்து கம்பி தொங்கவிட்டு, அதில் கொடியைச் சுற்றிவிடுகிறார்கள். நீங்கள் ஏறிய பனைமரங்களில் பாதி உயரம்கூட இல்லை. ஏறவும் வேண்டியதில்லை. அறுவடையின்போது கொடியை அடியோடு அறுத்துக் கம்பியோடு இழுத்து டிராக்டரில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பூவைப் பிரித்தெடுக்க இயந்திரம் இருக்கிறது. நம் பக்கம் ஆண்பனையிலும் பாளை சீவுகிறோம், பெண்பனையிலும் சீவுகிறோம். இங்கே பெண்கொடிக்கு மட்டும்தான் மரியாதை. ஆண்கொடி கண்ணில் பட்டால் பிடுங்கிவிடுகிறார்கள். மகரந்தம் பட்டுப் பூ விதை வைத்துவிடக் கூடாதாம்.

பூவைக் கையில் கொடுத்தார்கள். பச்சைக் காகிதத்தைச் செதில் செதிலாக அடுக்கினாற்போல் இருந்தது. பிய்த்தால் உள்ளே மஞ்சள் பொடி, விரலில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. மோந்தால் நாரத்தை இலையைக் கசக்கியதுபோல் ஒரு வாசனை. நான் சும்மா இருக்காமல் வாயில் போட்டுக் கடித்துவிட்டேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றது, பெரியப்பா. ஊர் வந்து சேரும்வரை பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

உங்களுக்கு உடனே புரியக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் அல்லவா? பீர் ஏற்கெனவே புளித்ததுதான், ஆனால் அதற்குமேல் புளித்துக் கெட்டுப்போகாமல் காப்பது இந்தப் பூ. அந்தக் காலத்தில் அதற்காகத்தான் முக்கியமாகப் போட்டார்கள். 1516-ல் நான் இருக்கும் இந்தப் பவேரியாவின் பிரபுக்கள் ஒரு சட்டம் போட்டு, பீருக்குத் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றார்கள். அந்தச் சட்டத்தை இன்றும் இவர்கள் கோயில் கல்வெட்டு மாதிரி பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகு 1553-ல் இன்னொரு சட்டம். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது. கோடையில் காய்ச்சினால் புளித்துப்போகும். உலையிலிருந்து தீப்பற்றும் பயமும் உண்டு. அதனால் மார்ச் மாதத்திலேயே கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, நிலவறையில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்துவிட்டு, கோடை முழுக்க எடுத்துக் குடித்திருக்கிறார்கள். மிச்சத்தை இலையுதிர்காலத்தில் தீர்ப்பார்கள். மார்ச்சில் காய்ச்சியதால் அதன் பெயரே மேர்ட்சன், அதாவது மார்ச் பீர். நிலவறை சூடேறாமல் இருக்க மேலே அகன்ற இலையுள்ள செஸ்நட் மரங்களை வைத்தார்கள். நிழல் கிடைத்ததும் ஜனங்கள் அடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைய பீர்த் தோட்டங்கள் இப்படித்தான் வந்தன.

இப்போது நாம் மார்ச் பீர் என்று சொல்லும் செம்பு நிறப் பீருக்கு உருவம் கொடுத்தவர் மியூனிக்கின் பீர் ஆலைக்காரர் காப்ரியேல் செடில்மயர், 1841-ல். அவரும் வியன்னாவின் ஆன்டன் டிரேயரும் இளவயதில் இங்கிலாந்துக்குப் போய், உள்ளே குடைந்த கைத்தடியை அங்குள்ள தொட்டிகளில் நைசாக முக்கிப் பீரைத் திருடி வந்து சோதித்தார்களாம். உங்கள் கலயத்தில் ஓட்டை போட்ட பக்கத்துத் தோட்டத்துப் பையன் நினைவுக்கு வந்தான். அவனுக்கு நீங்கள் கொடுத்த அடி செடில்மயருக்குக் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மியூனிக்கின் பெரிய பீர்த் திருவிழாவான அக்டோபர் விழாவில் இந்தப் பீரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. விழா செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது, அது தனிக் கூத்து. அங்கே ஊற்றுவது இப்போது வைக்கோல் நிறத்துப் பீர். மியூனிக்கின் ஆறு ஆலைகளுக்கு மட்டும்தான் அங்கே கடை போட உரிமை. ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை இந்த வருடம் பல கூடாரங்களில் 14 யூரோவுக்கு மேல்; நம் காசுக்குச் சுமார் 1300 ரூபாய். வாங்கிவிட்டு நான் மனத்துக்குள் கருப்பட்டிச் சிப்பமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெஞ்சு மேல் ஏறி நின்று எல்லாரும் பாடினார்கள். ஒரு முறை பார்க்கலாம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில், தாத்தாவின் மாட்டுத் தொழுவத்தைச் சின்ன ஆலையாக மாற்றி அண்ணன் தம்பி இருவர் பீர் காய்ச்சுகிறார்கள். பழைய மார்ச் பீரையே எடுத்து, அதில் ஹாப்ஸை அள்ளிப் போட்டிருக்கிறோம், குடித்துப் பாருங்கள் என்றார்கள். அக்டோபர் விழாப் பீர் என்று அவர்கள் பெயர் வைக்க முடியாது. அந்தப் பெயர் மியூனிக்காரர்களுடையது. ஆகவே பாட்டிலில் ஒரு நரி படம் மட்டும் போட்டிருந்தது. மூன்று பாட்டில் வாங்கினேன்.

ஹாப்ஸை எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொதிக்கும்போது முதலிலேயே போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். ரசத்தை இறக்கும்போது பெரியம்மா கொத்தமல்லி கிள்ளிப் போடுவார்களே, அதுபோல் கடைசியில் போட்டால்தான் மணம் நிற்கும். இவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், புளித்து முடிந்து ஆறிய பீரில் கொதிக்கவிடாமல் அப்படியே போட்டு ஊறவைக்கிறார்கள். போட்ட ரகம் மண்டரீனா பவேரியா. ஹாலர்டாவிலேயே ஹூல் என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 2012-ல் வெளியிட்டது. தாய்வழி அமெரிக்க ரகம்.

அன்றிரவு சமையலறை மேசையில் முதல் பாட்டிலைத் திறந்தோம். புதிதாக விளக்கிய செப்புக் குடத்தின் நிறம். நுரை லேசாகப் பழுப்பேறி, சீக்கிரம் அடங்காமல் நின்றது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு முன்பே கமலா ஆரஞ்சுத் தோலை யாரோ உரித்தது போன்ற வாசனை. வாயில் வைத்தால் முதலில் அந்த ஆரஞ்சுதான். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து மெதுவாக இன்னொன்று எழுந்து வந்தது: முளைகட்டிய கேழ்வரகை அம்மா வறுக்கும்போது அடுப்படியில் நிற்குமே, அந்த இனிப்புக் கலந்த வறுவல் மணம். முளைகட்டிக் காய வைத்த பார்லியின் மணம் அது. மார்ச் பீரின் உயிரே அதுதான். விழுங்கின பிறகு கசப்பு நாக்கின் அடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பிடித்திருந்தது. பெரியவருக்குப் பிடிக்கவில்லை. 78 வயது, சின்ன வயதிலிருந்தே ஒரே ஆலையின் பீரைக் குடித்து வருகிறவர். பழச்சாறு மாதிரி இருக்கிறது என்றார். உள்ளே பழமே இல்லை, 1516 சட்டப்படி எல்லாம் சரிதான் என்றேன். சட்டத்துக்குச் சரி, நாக்குக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டு அரைக் குவளையை அப்படியே தள்ளி வைத்தார்.

அப்போதுதான் உங்களை நினைத்தேன். ரோட்டோரம் பட்டையில் பதநீர் ஊற்றி மாங்காய்த் துண்டு போட்டுக் கொடுக்கும்போது, உங்களுக்கென்று மட்டும் மாங்காய் போடாத கலயம் ஒன்றைத் தனியாக வைத்திருப்பீர்கள். கேட்டால், மாங்காய் போட்டால் பதநீரின் பழுது தெரியாது என்பீர்கள். அந்த அண்ணன் தம்பியும் எதையோ மறைக்கத்தான் இவ்வளவு ஹாப்ஸ் போட்டார்களோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு குவளையை வைத்துக்கொண்டு எப்படித் தெரிந்துகொள்வது?

மற்ற இரண்டு பாட்டிலையும் நிலவறை அலமாரியில் வைத்தேன். சோதனை செய்யவேண்டும் என்றெல்லாம் இல்லை, மறந்துவிட்டேன். நேற்று இரவு உருளைக்கிழங்கு எடுக்க இறங்கியபோது கண்ணில் பட்டது. ஏழு வாரமாகிவிட்டது. மேலே கொண்டுவந்து திறந்தால் ஆரஞ்சைக் காணவில்லை! கூர்ந்து மோந்தால் எங்கேயோ காய்ந்த தோல் வாசனை, அவ்வளவுதான். ஹாப்ஸின் மணம் இப்படித்தான் பெரியப்பா, பாட்டிலுக்குள்ளேயே நாளுக்கு நாள் கரையும். நான் குளிர்பெட்டியில் வைக்காதது அதை இன்னும் துரத்தியிருக்கும். பாருங்கள், ஐந்து மாதம் கெடாமல் நிற்பதற்கென்றே பிறந்த பீரில், ஐந்து வாரம் தங்காத மணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களிடம் இதை ஒருநாள் கேட்கவேண்டும். சீக்கிரம் குடித்திருக்கவேண்டும் என்று என்னைத்தான் திட்டுவார்கள்.

ஆனால் ஆரஞ்சு போனபின் அடியில் இருந்தது வெளியே தெரிந்தது. பழுது எதுவும் இல்லை. புளிப்பில்லை, கடுப்பில்லை, வறுத்த பார்லி மணம் நேராக நின்றது. நான் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, என்ன பீர் என்று சொல்லாமல் பெரியவர் கையில் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தார். முடித்துவிட்டு, மார்ச் பீர் நன்றாக இருக்கிறது, கசப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல், எந்த ஆலை என்று கேட்டார். நரி படம் போட்ட பாட்டிலைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது இருக்கிறதா என்றார். அது உங்களுக்கு என்று பொய் சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார், நாளை கேட்டால் கொடுத்துவிடுவேன்.

உறைக்குள் காய்ந்த ஹாப்ஸ் பூ இரண்டு வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். ஏதாவது வாசனை மிச்சம் இருக்கிறதா என்று பெரியம்மா மூலமாக அல்லாமல் நீங்களே எழுதிச் சொல்லவும். வாயில் மட்டும் போடாதீர்கள்.

மார்ச் கடைசியில் விடுமுறை கேட்டிருக்கிறேன். பாளை விட்டிருக்குமா அதற்குள்?

அன்புடன்,
சின்னவன்