நெல்லைச் சீமையின் அறிவியல் ஆசிரியர்களுக்கு, புளியங்கொட்டையோடு ஒரு மடல்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். போன வாரம் ஒருத்தியிடம், பியூட்டேன் வாயு எரிகிற சமன்பாட்டை, இரண்டு பக்கமும் அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் வரும்படி சமன் செய்யச் சொன்னேன். "2, 13, 8, 10" என்று போன் நம்பர் மாதிரி ஒப்பித்தாள். சரியான விடைதான். அப்புறம் புரோப்பேனுக்குக் கேட்டேன். "அது நடத்தல ஆச்சி" என்றாள். அவள் வீட்டு கேஸ் சிலிண்டருக்குள் இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசவில்லை. பாடம் முடிய வேண்டும், பரிட்சை வந்துவிடும். விடையோடு பலகையில் எழுதிப் போட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் எண்ணத் தெரியாத பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதை ஒரு பையன் எழுதினான். இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. தண்ணீரின் குறியீடான H₂O-வுக்குள்ளேயே ஒரு 2-ஐச் செருகி H₂O₂ ஆக்கிவிட்டு, "சமன் ஆயிட்டுல்லா?" என்று நிமிர்ந்தான். அணுக்கணக்கு சரி, பொருள்தான் மாறிப்போனது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடை நீட்டுகிறான்! முன்னால் போடும் எண்ணை மாற்றலாம், உள்ளே இருக்கும் சின்ன எண்ணைத் தொடக் கூடாது என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.

அதனால் பல்லாங்குழியை எடுத்து வைத்தேன். புளியங்கொட்டை இரும்பு, மொச்சை ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜன் ஜோடியாகத்தான் இருக்கும் என்பதால் மொச்சையை இரண்டிரண்டாகத்தான் எடுக்கலாம். துரு என்றால் ஒரு குழிக்கு இரண்டு கொட்டை, மூன்று மொச்சை. குறைக்கவோ கூட்டவோ கூடாது. மூன்று மொச்சையை ஜோடியாக எப்படி எடுப்பது? கொஞ்ச நேரம் முழித்தார்கள். பிறகு அவர்களே இரண்டு குழி நிரப்பினார்கள். மொச்சை ஆறு, அதாவது மூன்று ஜோடி, கொட்டை நான்கு. இரும்பு 4, ஆக்சிஜன் 3, துரு 2. நான் வாயே திறக்கவில்லை.

பியூட்டேனுக்கு வருவோம். ஒரு மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பனுக்கு 4 கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜனுக்கு 5 தண்ணீர். ஆக்சிஜனைக் கடைசியில் எண்ணினால் 8-ம் 5-ம் 13. ஜோடிக் கணக்கில் ஆறரை. இந்த அரையைக் கண்டுதான் பிள்ளைகள் பேனாவை மூடி வைக்கிறார்கள். எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் போதும், அந்தப் போன் நம்பர் தானாக வந்து நிற்கும். புரோப்பேனில் இந்தத் தொல்லையும் இல்லை: 3 கார்பன் டை ஆக்சைடு, 4 தண்ணீர், ஆக்சிஜன் சரியாக 5 ஜோடி.

தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லையும் வகுப்புக்குள் கொண்டு வாருங்கள். சுத்தமான கல்லை 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். காற்றோடு போன கார்பன் டை ஆக்சைடை எவனாவது ஒருவன் கண்டுபிடித்துவிடுவான்.

நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. விடைத்தாளில் ஓரமாக அணுக்களை எண்ணிப் பார்த்திருந்தால், கடைசி எண் தப்பினாலும் வகுப்புத் தேர்வில் அரை மதிப்பெண்ணாவது போடுங்கள். எத்தனை பிள்ளைகள் என்று சொல்லி அனுப்பினால் புளியங்கொட்டை நான் தருகிறேன். மொச்சையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், விலை கட்டுப்படியாகவில்லை.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைத் திண்ணை ஆச்சி