ரஸ்ட் கம்பைலரை எழுதியவர்களுக்கு, கடலூர் துறைமுகத்திலிருந்து

ரஸ்ட் என்ற கணினி மொழியை வளர்த்தவர்களுக்கும், கூடவே நின்ற எங்கள் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

கடலூர் துறைமுகத்தில் எங்கள் மாமா மீன் ஏலக் கணக்கு பார்க்கிறார். எடை மிஷினிலிருந்து எடையை வாங்கி, படகின் பெயரோடு பதிந்து, சீட்டு அடித்துத் தரும் ஒரு சின்ன புரோகிராமை அவருக்காக எழுதினேன். முதலில் சி மொழியில். எடையை வாங்க ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), சீட்டு அடிக்க இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் ஒரே நேரத்தில் கை வைக்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு படகின் வஞ்சிரம் இன்னொரு படகின் பெயரில் விழுந்துவிடும். ராத்திரியெல்லாம் கடலில் கிடந்தவரின் காசு அது. எங்கே தப்பு என்று தேடித் தேடித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் எல்லாவற்றையும் ரஸ்ட்டில் திருப்பி எழுதினேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எடைப் பதிவை, த்ரெட்டுகள் தகவலைக் கைமாற்றும் சேனல் வழியாகச் சீட்டு த்ரெட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் அதே பதிவைத் திரையில் காட்டச் சொல்லியிருந்தேன். நாம் எழுதியதைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. பிழை எண் இ0382. அனுப்பிய வரியின் அடியில் கோடு போட்டு, மதிப்பு இங்கே கைமாறிவிட்டது என்றது. அடுத்த வரியின் அடியில், கைமாறிய பிறகு இங்கே இரவல் கேட்கிறாய் என்றது. பக்கத்தில் இருந்த மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏலத்துல போன கூடையைத் திருப்பி நம்ம தராசுல வைக்க முடியுமா? சரியாத்தானே சொல்லுது" என்றார். ரஸ்ட்டின் உடைமை விதியை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2006-இல் கிரேடன் ஹோர் சொந்த முயற்சியாகத் தொடங்கிய மொழி இது. முதல் கம்பைலரை ஓகேமல் என்ற வேறொரு மொழியில் எழுதினார்கள். 2011-இல் ரஸ்ட்டிலேயே எழுதிய கம்பைலர் தன்னைத் தானே கம்பைல் செய்துகொண்டது. 2015 மே 15 அன்று 1.0 வந்தது. இவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் மனசு தனியாக நன்றி சொல்வது பிழைச்செய்திகளை எழுதியவர்களுக்கு. 2016-இல் 1.12 பதிப்பில் அவற்றின் வடிவத்தையே மாற்றினீர்கள். தப்பு செய்தவனைத் திட்டாமல், வரியைத் தொட்டுக் காட்டி, திருத்த வழியும் சொல்லும் அந்த நிதானம் எனக்கு வாத்தியாராக இருந்தது.

கம்பைலருக்குப் பின்னால் நின்று அந்தந்தச் சிப்புக்கு ஏற்ற இயந்திர மொழியை உருவாக்கும் எல்எல்விஎம்மை எழுதிய குழுவுக்கும் நன்றி. மடிக்கணினியில் கம்பைல் செய்ததை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியின் ஆர்ம் வகைச் சிப்பில் ஓட்டுகிறேன் என்றால் அது உங்கள் உழைப்பு. இத்தனைக்கும் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அப்புறம், புதுச்சேரி லாஸ்பேட்டை அண்ணனுக்கு. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்த எனக்கு, கீபோர்டைத் தொடாமலேயே சொல்லிக்கொடுத்தீர்கள். "பிழையைச் சத்தமா படி, முழுசா படி" என்பீர்கள். பாதியிலேயே பதில் கிடைத்துவிடும். அண்ணி போட்ட காபிக்கும் நன்றி.

கடைசியாக, ஏலக்கூடத்து அக்காக்களுக்கு. தடைக்காலம் முடிந்து படகுகள் வந்த முதல் நாள், விடியும் முன்பே, ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு ஒவ்வொரு எடையையும் உரக்கச் சொல்லி நோட்டிலும் எழுதிக்கொண்டீர்கள். அப்புறம் சீட்டை வாங்கி வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்றீர்கள்.