‘ரசாயனம் கலந்தது’ என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி பற்றி வந்த கட்டுரையில், ‘ரசாயனம் கலந்த ஆர்.என்.ஏ’ என்று இரண்டு இடத்தில் இருந்தது. மறுநாள் காலை, பாம்பனில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கியதுமே கேட்டார்: “டீச்சர், நமக்குப் போட்ட ஊசியிலயும் பார்மலின் கலந்துட்டாங்களா?”

இந்தக் கரையில் ‘ரசாயனம் கலந்தது’ என்றால் மீன் கெடாமலிருக்கச் சேர்க்கும் பார்மலின்தான். “மருந்து கிருந்து எதுவும் இல்ல, பாருங்க” என்று வீட்டுக்கு வீடு செவுளைத் தூக்கிக் காட்டி வியாபாரம் செய்கிறவர் அவர். வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

கொரோனாவுக்கு எங்கள் பக்கம் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி இல்லை. அதைச் சொன்னதும் அவருக்குப் பாதி நிம்மதி. மீதியை உங்கள் கட்டுரை விளக்கியிருக்க வேண்டும்.

எந்தப் புரதத்தைக் கட்ட வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்புதான் எம்.ஆர்.என்.ஏ. அதில் நான்கு எழுத்துகள்: ஏ, யு, சி, ஜி. செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற புரத இயந்திரம் இவற்றை மூன்று மூன்றாக வாசித்துப் புரதம் கட்டுகிறது. ஆய்வகத்தில் செய்த எம்.ஆர்.என்.ஏவைச் செல்லுக்குள் விட்டால், செல் அதை வைரஸ் என்று நினைத்துக்கொள்கிறது. பி.கே.ஆர் என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு, புரதம் கட்டும் வேலையையே நிறுத்திவிடுகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் என்ன ஆகும்? வலை, டீசல், ஆள் எல்லாம் இருக்கும். ஒரு படகும் போகாது. அதே கதைதான்.

விஞ்ஞானிகள் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வெய்ஸ்மேனும் செய்தது இதுதான்: யு இருந்த இடத்தில் சூடோயுரிடினை வைத்தார்கள். அதுவும் கிட்டத்தட்ட யுதான். சர்க்கரையோடு பிணையும் இடம் மட்டும் நைட்ரஜனிலிருந்து கார்பனுக்கு மாறியிருக்கும். நம் செல்களின் ஆர்.என்.ஏவிலேயே இயல்பாக இருக்கிற பொருள். 2005-இல் அழற்சி அடங்குவதைக் காட்டினார்கள். 2008-இல் இன்னொன்றும் தெரிந்தது: புரத உற்பத்தியும் பல மடங்கு கூடுகிறது. பி.கே.ஆர் அவ்வளவாக விழிக்காமல், கூண்டு ஏறாததும் இதற்கு ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது. கட்டப்படும் புரதம் அதேதான், அளவுதான் அதிகம். பைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருப்பது இதோடு மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒன்று சேர்ந்த வடிவம். இந்த வேலைக்குத்தான் இருவருக்கும் 2023 நோபல் பரிசு.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மெத்தில் சேர்ந்த இந்த வடிவத்தால் ரைபோசோம் சில சமயம் ஒரு எழுத்து தள்ளி வாசித்துவிடுகிறது என்று 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதனால் யாருக்கும் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை, சறுக்கும் இடத்தின் எழுத்துகளை மாற்றினால் சறுக்கலும் குறைகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். பயமுறுத்தாமல் இதையும் எழுதலாமே.

‘வேதி மாற்றம் செய்த’ என்று போடுங்கள். கலப்பது வேறு, மாற்றுவது வேறு. திருத்தத்தை அதே ஞாயிறு பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வெளியிட்டால், திங்கள் காலை கூடை இறங்கும்போது அந்த அம்மாவிடம் நானே வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.