அம்முவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மு,

போன வாரம் மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். சின்னவனை டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டதிலிருந்துதான் இப்படி என்கிறாள் அம்மா. நான் அப்படி நினைக்கவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். பெரியப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

சின்னவன் கணக்கில் முதலாவதாக வந்ததைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் லீவுக்கு வந்தபோது மாடி ஏறியவன் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. "நீங்க முன்னாடி போங்க தாத்தா" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்கு அறுபத்தெட்டு.

பிரஷர் என்பது பெரியவர்களுக்கு வருவது என்றுதான் நானும் இருந்தேன். ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது சின்ன வயதிலேயே தொடங்கிவிடுமாம், வெளியே ஒன்றும் தெரியாதாம். அமெரிக்காவில் பொகலூசா என்ற ஊரில் 1973 முதல் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்களில் இளவயதிலேயே இறந்துபோன சிலரின் குழாய்களைப் பார்த்தபோது, எடை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று எத்தனை கூடியிருந்ததோ அத்தனைக்குப் படிவும் கூடியிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் சேர்ந்தாலும் போதும். எடை குறையாவிட்டாலும் இதயத்துக்கு நல்லது. அதற்காக மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற பிள்ளையைத் திடீரென்று ஓடவிடாதே. முதலில் டாக்டரிடம் காட்டு.

படிப்புக்கே நேரம் போதவில்லை என்கிறாய். அம்மு, அது என் வார்த்தை. பத்தாவது படிக்கும்போது பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். நான் கையெழுத்துப் போடவில்லை. பரீட்சை முடியட்டும் என்றேன். நீ அழக்கூட இல்லை. ஷூவைத் துடைத்து, லேஸை உருவித் தனியாகச் சுருட்டி, பெட்டியில் வைத்தாய். பரீட்சை முடிந்தது. நீ கேட்கவில்லை, நானும் எடுத்துத் தரவில்லை. அதன்பிறகு நீ ஓடி நான் பார்க்கவே இல்லை. முப்பத்தாறு வயதில் நீ பிரஷருக்கு மாத்திரை போடுவதை மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஓடியிருந்தால் வந்திருக்காது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்தை நான் போட்டிருக்க வேண்டும்.

நேற்று அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். தொட்டதுமே ஷூவின் அடிப்பாகம் உதிர்ந்துவிட்டது. லேஸ் மட்டும் சுருட்டியபடியே இருக்கிறது.

அவனை டாக்டரிடம் காட்டு. பிரஷர் எவ்வளவு என்று எழுது. உன்னுடையதையும் எழுது.

அப்பா